எதை என்ஜாய் பண்ணினீர்கள்?



ஆனிச் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் நின்று மேற்கே பார்த்தால் மலை பாதிதான் தெரிகிறது. மீதியை மேகம் மூடியிருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவரின் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அருவியில தண்ணி விழுதா?" விழுது, கிளம்பி வாங்க என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நேரத்தில் சுரண்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை எழுதிய கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குற்றாலம் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்வாராம். எல்லா நோட்டிலும் ஒரே வரி வருகிறதாம்: "வி வென்ட் டு குற்றாலம். வி என்ஜாய்ட் வெரி மச்." அதோடு கட்டுரை முடிந்துவிடும். "எதை என்ஜாய் பண்ணினீங்க?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "இந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதுங்கள் ஐயா, பெற்றோரும் படிப்பார்கள்" என்று கேட்டிருந்தார். கேட்டதற்கு அவருக்கு நன்றி. இந்த மாதம் இந்தப் பக்கம் அவருக்காகத்தான்.

ஆசிரியை கேட்ட கேள்வி இலக்கணப்படியும் சரியானது. ஆங்கிலத்தில் 'என்ஜாய்' என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. 'ஐ என்ஜாய்ட் த பாத்' என்றால் வாக்கியம் முழுமை அடைகிறது. குறிப்பாகச் சொல்ல ஒரு பொருள் இல்லையென்றால், 'ஐ என்ஜாய்ட் மைசெல்ஃப்' என்று தன்னையாவது அந்த இடத்தில் வைக்க வேண்டும். 'ஐ என்ஜாய்ட்' என்று மொட்டையாக விட்டால் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

பிள்ளைகள் அடிக்கடி தடுமாறுகிற இன்னொரு இடமும் உண்டு. 'என்ஜாய்' என்பதற்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'டு' போடக் கூடாது. 'ஐ என்ஜாய் பேதிங்' என்பது சரி. 'ஐ என்ஜாய் டு பேத்' என்பது தவறு. இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். நம் மொழியைக் கொண்டு சொல்லிக்கொடுத்தால் மறக்கவே மறக்காது. 'குளிக்க விரும்புகிறேன்' என்கிறோம். 'குளிப்பதை ரசிக்கிறேன்' என்கிறோம். 'குளிக்க ரசிக்கிறேன்' என்று யாராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம், காது ஒப்பாது. 'குளிக்க' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'டு', 'குளிப்பதை' வருகிற இடத்தில் 'இங்'. இந்த வினையைப் பொறுத்தவரை அவ்வளவுதான் சங்கதி. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த நுணுக்கம் ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதை எடுத்துக்காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும்.

பிள்ளைகள் ஏன் பொருளை விட்டுவிடுகிறார்கள்? அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்கிறோம்; எதை என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்பவருக்குத் தெரியும். "குற்றாலம் எப்படி இருந்தது?" என்றால் "நல்லா என்ஜாய் பண்ணினோம்" என்கிறோம். தமிழுக்கு அது குறையில்லாத வாக்கியம். சொல் என்னவோ ஆங்கிலம். அதை ஆட்டுவிக்கிற இலக்கணம் முழுக்கத் தமிழ்.

அந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிற 'பண்ணு' என்பதையும் கவனியுங்கள். அட்ஜஸ்ட் பண்ணு, ட்ரை பண்ணு, புக் பண்ணு, என்ஜாய் பண்ணு என்று எந்த ஆங்கில வினை வந்தாலும் தமிழ் அதை ஒரு பெயர்ச்சொல்லைப் போல வைத்துக்கொண்டு, வேலையைப் 'பண்ணு'விடம் கொடுத்துவிடுகிறது. 'என்ஜாய்க்கிறேன்' என்று எந்தத் தமிழனும் சொன்னதில்லை. வடமொழியிலிருந்து வந்த சொற்களின் கதை வேறு. 'ரசி', 'யோசி', 'அனுபவி' எல்லாம் தமிழ் விகுதியை நேராக ஏற்று ரசிக்கிறேன், யோசித்தான், அனுபவிப்பாள் என்று நம் வினைகளாகவே ஆகிவிட்டன.

'என்ஜாய்' என்பதும் ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொல்தான். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதன் வேர் லத்தீனில் மகிழ்வதைக் குறிக்கும் வினையில் இருக்கிறது. வந்த புதிதில் அதற்கும் செயப்படுபொருள் தேவைப்படவில்லை, சும்மா 'மகிழ்ந்திரு' என்ற அளவில்தான் இருந்தது. பின்னால்தான் 'இதை' என்று ஒன்றைக் கேட்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஓட்டலில் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவர் 'என்ஜாய்!' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டுப் போவதும் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் பொருளைத் தேடுவார், பிள்ளைகளே.

அகராதியில் இந்த வினைக்கு இரண்டாவதாக ஒரு பொருள் இருக்கிறது. அது நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பழக்கமானது. ஒன்றைத் தன் வசத்தில் வைத்து அதன் பயனைப் பெறுவது. 'ஹி என்ஜாய்ஸ் குட் ஹெல்த்' என்றால் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்றுதான் அர்த்தம். தினமும் ஆரோக்கியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமில்லை. நிலம் வாங்கி விற்ற எவருக்கும் இந்தப் பொருள் தெரியும். வழக்குப் பத்திரத்தில் 'பொசஷன் அண்ட் என்ஜாய்மென்ட்' என்று வக்கீல் எழுதுவார். நம் கிரையப் பத்திரத்தில் அது 'சுவாதீனமும் அனுபவமும்' என்று வரும். இன்னார் இன்ன சர்வே நம்பரில் உள்ள நிலத்தைச் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடியும். 'ஆண்டு அனுபவித்து' என்று சேர்ந்து வருவதைப் பாருங்கள். ஆளுகிற பொறுப்பு முன்னால் வருகிறது, அனுபவிக்கிற பயன் பின்னால் வருகிறது. தாத்தா காலத்துப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள்; பத்திர எழுத்தர்களின் தமிழ் அவ்வளவு அளந்து வைத்தது.

1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இந்த வினையை வைத்துத்தான் நடை பாத்தியத்தையும், வெளிச்சம் காற்று வருகிற பாத்தியத்தையும் தீர்மானிக்கிறது. ஒரு பாதையை 20 ஆண்டுகள் தடையில்லாமல், அமைதியாக, எல்லாரும் அறிய, உரிமையாக அனுபவித்து வந்தால் அது பாத்தியமாகிவிடும். அனுபவம் என்றால் கலகம் இல்லாமல், ஒளிவு மறைவு இல்லாமல், விட்டுவிடாமல் என்று சட்டம் சொல்லிவைத்திருக்கிறது. வயலுக்குப் போகிற வரப்புப் பாதைக்காகக் கோர்ட்டுப் படி ஏறிய நம் ஊர் விவசாயிகளுக்கு இந்தப் பிரிவு நன்றாகவே தெரியும்.

தமிழ் 'அனுபவி' இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுகத்தையும் அனுபவிக்கலாம், கஷ்டத்தையும் அனுபவிக்கலாம். "எல்லாம் அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று ஒரு பாட்டி சொன்னால் அங்கே சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. 'என்ஜாய்' அந்தப் பக்கம் வராது. நோயையும் கடனையும் என்ஜாய் பண்ண முடியாது. ஆகவே மொழிபெயர்க்கும் பிள்ளைகள் 'அனுபவித்தான்' என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு 'என்ஜாய்ட்' போட்டுவிட வேண்டாம். என்னத்தை அனுபவித்தான் என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, துன்பமாக இருந்தால் 'சஃபர்ட்' போடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 'எதை அனுபவித்தாய்?' என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒருவர் நம் ஊரில் இருந்தார். ரசிகமணி டி.கே.சி. என்று தமிழ்நாடு முழுக்க அறியப்பட்ட தென்காசி டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலைப் பெரிதாக நடத்தவில்லை. சென்னை மாகாண மேலவை உறுப்பினராக இருந்தார், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தார். ஆனால் இன்றைக்கு அவர் பெயர் நிற்பது அந்தப் பதவிகளால் அல்ல. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டவடிவத் தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடினார்கள். 'வட்டத்தொட்டி' என்று அந்தக் கூட்டத்துக்கே பெயர் வந்தது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீனிவாசராகவன், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்து தமிழ் கேட்டவர்கள். பிறகு டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். அருவியில் குளிப்பது, சாப்பிடுவது, கம்பனைக் கேட்பது என்று பொழுது போனது. அவர் வீட்டு உபசரிப்பைப் பற்றி எழுதாமல் விட்ட விருந்தாளி இல்லை.

அவர் என்ன செய்தார்? ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். ஓர் அடியைச் சொல்வார், நிறுத்துவார். மறுபடியும் அதே அடியைச் சொல்வார், அழுத்தத்தை இன்னொரு சொல்லில் வைத்து. கேட்பவருக்குப் படம் மனத்தில் எழுந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போவார். ஒரு கவிக்கு அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று பாட்டைச் சுற்றி வேலி கட்டிவைத்திருந்த காலத்தில், வேலியைத் தாண்டி உள்ளே அழைத்துக்கொண்டு போனவர் அவர். பாவம், உருவம், அனுபவம் என்ற சொற்கள் அவர் பேச்சிலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரும். 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் அவருக்குப் போதாது. எந்த இடம், எந்தச் சொல், எந்த ஓசை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பன் பாடியவை அல்ல என்று தள்ளினார், சில இடங்களில் பாடத்தையே மாற்றினார். அதை ஏற்காத புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஏட்டுச்சுவடி ஆதாரம் இல்லாமல் பாடத்தில் கை வைக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பாட்டைப் படிப்பது எப்படி என்று அவர் காட்டிய வழிக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. அந்த வழி இன்றும் நமக்குத் தேவை.

ஆங்கிலக் கவிதையில் நல்ல பயிற்சி உள்ள அவர்தான், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். ஆங்கிலத்தின் மேல் அவருக்கு வெறுப்பில்லை. அனுபவம் இல்லாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்கிற படிப்பு மூளைக்குள் இறங்காது என்பதுதான் அவர் கவலை. சுரண்டைப் பிள்ளைகளின் 'வி என்ஜாய்ட் வெரி மச்' என்ற வரியைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. அந்த வரியில் இலக்கணப் பிழை சின்ன விஷயம். பேரருவிக்கு அடியில் நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போனதுதான் பெரிய விஷயம்.

எழுதவா ஒன்றும் இல்லை! மெயினருவிக்கே வாருங்கள். சிற்றாறு ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அத்தனையும் ஒரே பாய்ச்சலாக விழுந்தால் கீழே யாரும் தலை கொடுக்க முடியாது. நடுவில் பாறை குடைந்து ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது; பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகம் அடங்கி, நிரம்பி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. உள்ளே போகும்போது முதல் அடி விழுவது முதுகில். மூச்சு முட்டும், வாயைத் திறந்தால் தண்ணீர் போகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னே எடுத்து வைத்தால் இரைச்சல் மாறிவிடும், வெளியில் கேட்ட விசில், கூப்பாடு எதுவும் காதில் விழாது. கண்ணைத் திறக்கப் பார்த்தால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும். பின்னால் நிற்கிறவர் தோளைத் தட்டி "நகருங்க அண்ணாச்சி" என்கிற வரைக்கும் அங்கேயே நிற்கலாம். வெளியே வந்ததும் உடம்பு நடுங்கும், பசி எடுக்கும். அந்தப் பசிக்குத்தான் செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாக் கடைகளில் அவ்வளவு கூட்டம். இதில் எந்த ஒன்றை எடுத்துக்கொண்டாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து வரி வரும்.

தண்ணீர் மட்டுமா? சங்கு வடிவத்தில் கட்டிய குற்றாலநாதர் கோயில் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை, சுவர் நிறைய ஓவியத்தோடு அங்கேதான் இருக்கிறது. சீசனுக்கு வருகிற கூட்டத்தில் அதன் படியேறுகிறவர்கள் மிகக் குறைவு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிற மேலகரம்தான் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பஸ் ஜன்னலிலிருந்து அந்த ஊர்ப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டிச் சொல்லுங்கள். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன. கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். இங்குள்ள ஈரம் அதற்குத் தோதாக இருந்தது. மங்குஸ்தான் தோலின் அடியில் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. எண்ணிப் பார்த்துவிட்டு உடைக்கச் சொல்லுங்கள், பிள்ளை அந்தப் பழத்தை மறக்காது.

எதை அனுபவிக்கிறோம் என்று தெரியாமல் போவதால் வருகிற கேடும் இங்கேதான் கண்ணில் படுகிறது. பத்திரிகைகளில் நாங்கள் வருடா வருடம் 'ஆனந்தக் குளியல்' என்று தலைப்புப் போடுகிறோம். குளிக்கிற இடத்தில் எண்ணெயும் ஷாம்புப் பாக்கெட்டும் சோப்பு நுரையும் ஓடுகின்றன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று தடை விதித்து வருடங்கள் ஆகின்றன. தடை இருப்பது வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பாக்கெட் பாறை இடுக்கில் கிடக்கிறது. அருவியில் நாம் கழுவி விட்டது அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறு தென்காசி வழியாகப் போய் வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. கீழே உள்ளவர்களுக்கும் அந்தத் தண்ணீரில் அனுபவ பாத்தியம் உண்டு. அமைதியாக, இடையூறு இல்லாமல் என்று சட்டம் போட்ட நிபந்தனை அருவிக்கும் பொருந்தும்.

தண்ணீரைப் பார்க்கத் தெரியாததால் உயிரும் போகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மலை மேல் பெய்கிற மழை அடியில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறினால், குச்சியும் சருகும் வர ஆரம்பித்தால், இரைச்சல் கூடினால் அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச் மேல் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போடுவார்கள். போலீஸ் விசிலடித்தால் "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்சாதீர்கள். உங்களுக்காகத்தான் விசில். அருவியை நிஜமாக ரசிக்கிறவர் முதலில் கவனிப்பது அதன் நிறத்தையும் சத்தத்தையும்தான். அந்தக் கவனம் அவரைக் காப்பாற்றவும் செய்யும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சீசனில் பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு அவர்களோடு அருவியடியில் நில்லுங்கள். திரும்பும்போது பஸ்ஸிலேயே கேளுங்கள்: "எது பிடிச்சிருந்தது?" "எல்லாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். "எல்லாத்துலயும் எது?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். அவர்கள் தமிழில் சொல்லட்டும், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். 'ஐ என்ஜாய்ட்' என்று தொடங்கினால் அடுத்த சொல் தானாக வரும்.

ஆசிரியைக்கும் ஒரு வார்த்தை, அம்மா. சிவப்பு மையில் நீங்கள் போடுகிற அந்த 'எதை?' என்ற கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். அதைவிட நல்ல பாடம் நானும் எழுதிவிட முடியாது.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிற மாணவர்கள், குற்றாலத்தில் தாங்கள் ரசித்த ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ பத்து வரி எழுதி அனுப்பலாம். பள்ளியின் பெயரையும் வகுப்பையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஜூலை 20-க்குள் எங்களுக்குக் கிடைக்கிறவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஆகஸ்ட் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்